கால் அல்லது கையை இழந்தவர்களுக்கு மருத்துவக் காப்பீடு: மதுரையில் எங்கே தொடங்குவது?

மதுரை பெரிய ஆஸ்பத்திரி வார்டில் ஒருவருக்குக் காலை எடுத்த பிறகு, வீட்டார் மெல்லக் கேட்கத் தொடங்கும் கேள்வி ஒன்று உண்டு. "காப்பீட்டு அட்டை இருக்கே, அதுலயே செயற்கைக் காலும் கிடைச்சிருமா?" நானும் இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் போட்டிருப்பவன் என்பதால் இதை என்னிடம் பலர் கேட்கிறார்கள். ஒரே அட்டையில் எல்லாம் கிடைக்காது. ஆஸ்பத்திரிச் செலவு ஒரு கணக்கு. செயற்கைக் கால் வேறு கணக்கு. உறுப்பு போனதற்கான இழப்பீடு இன்னொன்று. இனிமேல் காய்ச்சலோ நெஞ்சுவலியோ வந்தால் பார்ப்பதற்கான காப்பீடு தனி. நான்குக்கும் நான்கு வாசல். எது எந்த வாசல் என்று தெரியாமல் ஒரே வாசலில் நின்று அலைவதால்தான் பலர் கைக்காசைச் செலவழித்துக் கடனாளி ஆகிறார்கள். ஆகவே, புதிதாக இந்த நிலைக்கு வந்தவர்களுக்கும் அவர்களோடு அலைகிறவர்களுக்கும் வரிசையாகச் சொல்கிறேன்.

டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே காகிதங்களைச் சரிபாருங்கள்

பிற்பாடு வரும் சிக்கல்களில் பாதி இந்தக் காகிதங்களில்தான் தொடங்குகிறது. டிஸ்சார்ஜ் சம்மரி கையில் வந்ததும் மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். வலதா இடதா என்பது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா? எந்த மட்டத்தில் எடுத்தார்கள் என்பது, அதாவது முழங்காலுக்குக் கீழேயா மேலேயா, கணுக்காலிலா, முழங்கையிலா என்பது, தெளிவாக இருக்கிறதா? எதனால் எடுத்தார்கள் என்ற காரணம் இருக்கிறதா?

இந்த மூன்றாவதுதான் பணத்தை முடிவு செய்கிறது. நம் பக்கத்தில் கால் போவது பெரும்பாலும் சர்க்கரைப் புண்ணால், இல்லையென்றால் சாலை விபத்தால். விபத்துக் காப்பீடு எதுவும் சர்க்கரையால் எடுத்த காலுக்குப் பணம் தராது. அதே நேரத்தில், விபத்தில் நசுங்கிப் போன கால் ஆறாமல் புழு வைத்து, சில வாரம் கழித்து எடுக்கப்பட்டிருந்தால், சம்மரியில் "சர்க்கரை நோய், தொற்று" என்று மட்டும் எழுதிவிடும் வாய்ப்பு உண்டு. விபத்தில் ஆரம்பித்தது என்ற வரி அதில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் வார்டு டாக்டரிடம் பணிவாகச் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டால் சில நிமிட வேலை. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் ரெக்கார்டு செக்ஷனுக்கும் டிபார்ட்மெண்டுக்கும் நடக்க வேண்டும்; நடப்பதே சிரமமாக இருக்கும் காலம் அது.

விபத்து என்றால் ஏ.ஆர். காப்பியும் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையும் வேண்டும். எல்லாவற்றையும் மொபைலில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் மொபைலுக்கும் அனுப்பி வையுங்கள்.

முதலமைச்சர் காப்பீடு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். முன்பு இது 72,000 ஆக இருந்தது. அப்போது திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர் இன்னும் "நமக்குக் கிடைக்காது" என்றே இருக்கிறார்கள். அவர்கள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. திருவாதவூர், ஆனையூர் முகாம்களில் இருப்பவர்கள் கவனிக்கவும்.

வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, வீட்டில் எல்லாருடைய ஆதார் ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு அட்டைப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அண்ணா பேருந்து நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான். அட்டை எடுப்பதற்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்துவிட்டால் நோயாளியின் பக்கத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்காதீர்கள். ஒருவர் உடனே வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குக் கிளம்பட்டும், இன்னொருவர் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் நிலைமையைச் சொல்லட்டும்.

இந்தத் திட்டம் சிகிச்சைக்கானது. அறுவைச் சிகிச்சை, அந்தச் சேர்க்கைக்கான மருந்து, படுக்கை இவற்றுக்கு. தனியார் ஆஸ்பத்திரியில் சேரும் முன் அது திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதோடு, உங்களுக்குச் சொல்லப்பட்ட அந்தக் குறிப்பிட்ட சிகிச்சை அங்கே திட்டத்தில் செய்யப்படுமா என்றும் கேளுங்கள். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. திட்டத்தில் அனுமதி வந்த பிறகும் தனியாகப் பணம் கட்டச் சொன்னால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசுங்கள். ரசீது கேளுங்கள், ரசீது தர மறுப்பதையும் அந்த எண்ணிலேயே சொல்லுங்கள்.

சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரத்துக்கு "இன்னுயிர் காப்போம்" திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. வருமானம், ஊர், மாநிலம் எதையும் பார்க்காமல், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர உயிர்காப்புச் சிகிச்சைக்கு அரசே பணம் தருகிறது. மாட்டுத்தாவணி ரிங் ரோட்டில் அடிபட்டவர் ஒடிசாக்காரராக இருந்தாலும் அவருக்கும் உண்டு.

செயற்கைக் காலுக்கு யார் பணம் தருவார்கள்?

தனியார் காப்பீட்டுப் பத்திரத்தின் விலக்குகள் பகுதியை நிதானமாகப் படித்தால் ஒரு வரி தட்டுப்படும்: அறுவைச் சிகிச்சை இல்லாமல் கழற்றி மாட்டக்கூடிய கருவிகளுக்குப் பணம் இல்லை. எலும்புக்குள் வைக்கும் பிளேட்டு, இடுப்பு மூட்டு இவற்றுக்கெல்லாம் பணம் வரும், ஏனென்றால் அவை உடலுக்குள் இருக்கின்றன. காலையில் மாட்டி இரவில் கழற்றி வைக்கும் செயற்கைக் காலுக்குப் பல பாலிசிகளில் வராது. ஊன்றுகோல், வாக்கர், கிரேப் பேண்டேஜ், சர்க்கரை நோயாளிக்கான செருப்பு இவையும் காப்பீட்டு நிறுவனங்கள் தர வேண்டாத பொருட்கள் பட்டியலில்தான் இருக்கின்றன. பில்லில் இவை வெட்டப்பட்டிருந்தால் அதற்காகச் சண்டை போட்டுச் சக்தியை வீணாக்க வேண்டாம்.

ஆனால் ஒன்றை விட்டுவிடாதீர்கள். வெட்டிய இடத்தில், அதாவது ஸ்டம்பில், நரம்பு முடிச்சு வந்து வலித்தாலோ, எலும்பு முனை துருத்தினாலோ, புண் ஆறாமல் மறுபடி சரிசெய்ய வேண்டி வந்தாலோ அது முழுக்க ஆஸ்பத்திரிச் சிகிச்சை. "செயற்கைக் கால் சம்பந்தப்பட்டது" என்று சொல்லி இதையும் மறுத்தால் ஒப்புக்கொள்ளக் கூடாது. கருவி வேறு, உடம்பு வேறு.

சரி, காலை எங்கே வாங்குவது? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுப் பிரிவில் கேட்கலாம். அங்கே போகும்போது, உங்களுக்குத் தேவையான கால் முதலமைச்சர் காப்பீட்டில் சேருமா என்றும் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். மத்திய அரசின் அடிப் திட்டம் இருக்கிறது. கான்பூரில் உள்ள அலிம்கோ நிறுவனம் அதில் கருவிகள் செய்து தருகிறது, அவ்வப்போது முகாம் போட்டு அளவெடுப்பார்கள். இதற்கு மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் முழுச் செலவும், 30,000 வரை இருந்தால் பாதியும் கிடைக்கும். ஒரு முறை வாங்கினால் அதே கருவியை மூன்று ஆண்டுக்குள் மறுபடி கேட்க முடியாது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது ஓர் ஆண்டு. இவை தவிர ஜெய்ப்பூர் கால் முகாம்களும் ஊர் ஊராக நடக்கின்றன. ஜெய்ப்பூர் கால் லேசானது, வெறுங்காலோடு நடக்கலாம், சம்மணம் போடலாம், வயலில் இறங்கலாம். உசிலம்பட்டிப் பக்கம் விவசாய வேலை செய்கிறவருக்குப் பல லட்ச ரூபாய் கார்பன் காலைவிட அதுவே வசதியாக இருக்கக்கூடும்.

இங்கே அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காலை எடுத்ததும் ஸ்டம்ப் வீங்கி இருக்கும். மாதங்கள் போகப் போக வீக்கம் வற்றும், தசை சுருங்கும். தொடக்கத்தில் கச்சிதமாக உட்கார்ந்த சாக்கெட், அதாவது ஸ்டம்ப் உள்ளே நுழையும் கிண்ணம் போன்ற பகுதி, சில மாதத்தில் தொளதொளத்துவிடும். அப்போது ஸ்டம்பில் மாட்டும் உறையை ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாகப் போட்டு இறுக்குவோம். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. தளர்ந்த சாக்கெட்டுக்குள் ஸ்டம்ப் மேலும் கீழும் அடிபட்டு, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் தோல் சிவக்கும், பிறகு உரியும். சர்க்கரை இருப்பவருக்கு அங்கே வலி தெரியாது. மாலையில் காலைக் கழற்றும்போது உறையில் ஈரக் கறையைப் பார்த்துத்தான் புண் என்றே தெரியும். அந்தப் புண் இன்னும் மேலே வெட்ட வேண்டிய நிலைவரை கொண்டுபோய் விடும்.

ஆகவே கையில் இருக்கும் பணம் முழுவதையும் முதல் காலிலேயே போட்டுவிடாதீர்கள். முதலில் அரசு தரும் சாதாரணக் காலில் நடந்து பழகுங்கள். ஸ்டம்ப் ஒரு வடிவத்துக்கு வந்த பிறகு, நல்ல கால் தேவையா என்று யோசிக்கலாம். தனியாரிடம் வாங்குவதாக இருந்தால், எழுத்தில் இரண்டு பதில் வாங்குங்கள். முதல் ஆண்டில் சாக்கெட் தளர்ந்தால் மாற்றித் தருவீர்களா? லைனர் (ஸ்டம்புக்கும் சாக்கெட்டுக்கும் இடையே போடும் மெத்தென்ற உறை), பாதம், மூட்டு இவற்றுக்குத் தனித்தனி விலை என்ன? மொத்த விலையை மட்டும் எழுதிய ரசீது பின்னால் எந்த நிவாரணத்துக்கும் உதவாது. உதிரிபாகங்கள் பிரித்து எழுதப்பட்ட ரசீதுதான் விபத்து வழக்கில் நின்று பேசும்.

யூ.டி.ஐ.டி. அட்டை

மேலே சொன்னவற்றில் பாதிக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் இந்த அடையாள அட்டை தேவை. ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் நேரடியாகவோ, இ-சேவை மையம் வழியாகவோ விண்ணப்பித்து, மருத்துவர் பரிசோதனைக்குப் போக வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீத ஊனம்தான் பெரும்பாலான உதவிகளுக்கு வாசற்படி. முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தாலும் அதைத் தாண்டிவிடும். விரல்கள் மட்டும் போனவர்களுக்கு 40 வராமல் போகலாம். எத்தனை சதவீதம் போட்டார்கள் என்பதை அட்டை கைக்கு வருவதற்கு முன்பே மருத்துவச் சான்றில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "நிராமயா" என்ற காப்பீட்டில் சேரச் சொல்லி யாராவது அனுப்புவார்கள். அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. கால் மட்டும் இழந்தவர்களுக்கு அதில் இடமில்லை.

விபத்தில் போனது என்றால்

முதலில் வங்கி பாஸ்புக்கை எடுத்து மே, ஜூன் மாதப் பதிவுகளைப் பாருங்கள். 20 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தால், உங்களுக்கே தெரியாமல் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். 2022 ஜூனுக்கு முன் அது 12 ரூபாய். நூறு நாள் வேலைக்கும் மானியத்துக்கும் கணக்குத் தொடங்கியபோது வங்கியில் கையெழுத்து வாங்கி இருப்பார்கள், நாம் மறந்திருப்போம். 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். விபத்தில் ஒரு கை அல்லது ஒரு காலின் பயன்பாடு முழுதாகப் போனால் 1 லட்சம், இரண்டு கையோ இரண்டு காலோ போனால் 2 லட்சம். விபத்து நடந்து 30 நாளுக்குள் வங்கியில் படிவம் கொடுக்க வேண்டும் என்பது விதி. நோயாளி படுத்திருந்தாலும் வீட்டார் போய்த் தகவலாவது எழுத்தில் கொடுத்து, முத்திரை வாங்கி வர வேண்டும்.

உங்கள் சொந்த வண்டியை நீங்களே ஓட்டிப்போய் அடிபட்டிருந்தால், வண்டி இன்சூரன்ஸ் பத்திரத்தில் "உரிமையாளர்-ஓட்டுநர்" தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். தொகை 15 லட்சம். ஒரு கை அல்லது கால் போனால் அதில் பாதி. எதிரே எந்த வண்டியும் வராமல், பள்ளத்தில் விழுந்திருந்தாலும் இது கிடைக்கும். ஓட்டுநர் உரிமம் செல்லுபடியாக இருக்க வேண்டும். மதுரையில் பைக் இல்லாத வீடு குறைவு. ஆனாலும் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் வெகு சிலரே.

வேறு வண்டி மோதியிருந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் 6 மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது, தள்ளிப்போட வேண்டாம். மனுவில் ஆஸ்பத்திரிச் செலவு, வருமான இழப்பு இவற்றோடு, செயற்கைக் காலையும் ஆயுள் முழுக்க அதை மாற்றும் செலவையும் பராமரிப்பையும் தனியாகக் கேட்க வேண்டும். உச்ச நீதிமன்றமே இதை ஏற்று இழப்பீடு கொடுத்திருக்கிறது. வழக்கறிஞர் ஆஸ்பத்திரி பில்லை மட்டும் வைத்து மனு எழுதினால், நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தருவது அவர்கள் கடமை.

கப்பலூர் சிட்கோவிலோ வேறெங்கோ மெஷினில் கை போயிருந்தால் முதல் கேள்வி, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டா என்பது. மாதச் சம்பளம் 21,000 வரை, மாற்றுத்திறனாளி ஊழியர் என்றால் 25,000 வரை இ.எஸ்.ஐ. பொருந்தும். உண்டு என்றால் தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனைதான் உங்கள் வாசல்களில் நல்ல வாசல். சிகிச்சைக்கு உச்சவரம்பு இல்லை, செயற்கை உறுப்பும் அங்கேயே கேட்கலாம். வேலைக்குத் திரும்பும்வரை சம்பளத்தில் 90 சதவீதக் கணக்கில் உதவித்தொகையும், நிரந்தர ஊனத்துக்கு மருத்துவக் குழு முடிவுப்படி மாதாமாதம் தொகையும் வரும். முதலாளி "ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கிறேன், விபத்துன்னு எழுத வேணாம்" என்று அன்பாகச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். விபத்து அறிக்கை போகவில்லை என்றால் அந்த மாதாந்திரத் தொகையை வாங்குவது பெரும் சிக்கலாகிவிடும்.

இனிமேல் புதிதாகப் பாலிசி எடுக்கலாமா?

எடுக்கலாம். கால் இல்லை என்பதால் காப்பீடே கிடையாது என்ற காலம் போய்விட்டது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2023 பிப்ரவரியில், எல்லாப் பொதுக் காப்பீட்டு, மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு பாலிசியாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஸ்டார் ஹெல்த்தின் ஸ்பெஷல் கேர் கோல்டு அப்படி ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

ஏஜென்ட் ஒருவர் என்னிடம் சொன்னது இது: "அண்ணே, பேண்ட் போட்டா யாருக்குத் தெரியப்போகுது? படிவத்துல கால் மேட்டரை எழுத வேணாம், பிரீமியம் ஏறும்." அவர் கெட்டவர் இல்லை, பாலிசி முடிய வேண்டும் என்ற அவசரம். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டவர் நிலைமை என்ன ஆகும்? நாளைக்கு மஞ்சள் காமாலைக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும், டாக்டர் கேஸ் ஷீட்டில் முதல் வரியாக ஒரு கால் எடுக்கப்பட்டது என்றுதான் எழுதுவார். நிறுவனம் "மறைத்துவிட்டீர்கள்" என்று கிளெய்மை மறுக்கும், பாலிசியையே ரத்து செய்யும். எழுதுங்கள். எந்த ஆண்டு, எதனால், எந்த மட்டத்தில், சர்க்கரை இருக்கிறதா, எல்லாவற்றையும் எழுதுங்கள். பூர்த்தி செய்த படிவத்தின் நகலை வாங்கி வையுங்கள்.

முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குப் பணம் கேட்க முடியாத தொடக்கக் காலம், 2024 முதல் அதிகபட்சம் 36 மாதம்தான். அதற்கு மேல் கேட்கும் பாலிசியை எடுக்காதீர்கள். பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது. கால் போகும் முன்பே பாலிசி வைத்திருந்தவர்கள் அதை ஒரு நாள்கூடக் காலாவதியாக விடாதீர்கள். போன ஆண்டு பெரிய கிளெய்ம் வாங்கினீர்கள் என்பதைக் காரணமாகச் சொல்லிப் புதுப்பிக்க மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. வேலை பார்க்கும் இடத்தில் குழுக் காப்பீடு இருந்தால் யோசிக்காமல் சேருங்கள், பெரும்பாலும் அதில் காத்திருப்பே இருக்காது.

மறுத்துவிட்டால்

வாய்மொழியாகச் சொன்ன மறுப்பு மறுப்பே ஆகாது. எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தை வைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம். முதலமைச்சர் காப்பீடு, யூ.டி.ஐ.டி., செயற்கைக் கால் இவை பற்றிய குறைகளுக்கு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, மனு எண் எழுதிய ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியார் நிறுவனம் அப்புறமும் மறுத்தால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) அலுவலகத்துக்கு எழுதலாம். 50 லட்சம் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். விசாரணையை வீடியோ வழியாகவும் நடத்த விதி இருக்கிறது. மனுவிலேயே, "நான் கால் இழந்தவன், பயணம் சிரமம், வீடியோ விசாரணை வேண்டும்" என்று எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.